படுத்தால் அடங்கும் நடுக்கம்

மடியில் கிடக்கும்போது அமைதியாக இருந்துவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுக்கவோ கையெழுத்துப் போடவோ ஊசியில் நூல் கோக்கவோ நீளும் கணத்தில் ஆடத் தொடங்கும் கையே, நரம்பியல் மருத்துவர்கள் எசென்ஷியல் ட்ரெமர் என்று வழங்கும் நோயின் முதல் அடையாளம். அகராதியை நம்பி இதை ‘அத்தியாவசிய நடுக்கம்’ என்று மொழிபெயர்த்தால், இல்லாமல் முடியாத நடுக்கம் என்ற விபரீதப் பொருள் வந்துவிடும். பழைய மருத்துவ வழக்கில் ‘எசென்ஷியல்’ என்பதற்கு, வேறொரு நோயின் விளைவாக வராமல் தானாகவே நிற்பது என்றுதான் பொருள். ஆகவே இக்கட்டுரை அதனை முதன்மை நடுக்கம் என்றே குறிப்பிடுகிறது. சித்த மருத்துவத்தில் வழங்கும் ‘நடுக்குவாதம்’ என்ற சொல் இன்று பெரும்பாலும் பார்க்கின்சன் நோயைச் சுட்டப் பயன்படுவதால் அதை இங்கே கையாள்வது குழப்பத்தைக் கூட்டும். ஏனெனில் இவ்விரு நோய்களையும் பிரித்தறிவதே இத்துறையில் பாதி வேலை.

முதன்மை நடுக்கம் நொடிக்கு 4 முதல் 12 முறை வரை அலையும் தாளமுடையது; இரு கைகளிலும் வரும்; சிலருக்குத் தலையும் குரலும் சேர்ந்து நடுங்கும்; பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பார்க்கின்சன் நடுக்கமோ கை ஓய்ந்திருக்கும்போது தோன்றி, வேலைக்கு நீளும்போது பெரும்பாலும் குறையும். உடலியக்கக் கோளாறுகளுக்கான சர்வதேச மருத்துவர் சங்கத்தின் வல்லுநர் குழு 2018-இல் வெளியிட்ட வரையறைப்படி, இரு கைகளிலும் செயல்நடுக்கம் குறைந்தது 3 ஆண்டுகளாக இருந்து, வேறு நரம்பியல் குறிகள் எவையும் இல்லாதிருந்தால்தான் முதன்மை நடுக்கம் என்று பெயரிடலாம். நடை தடுமாற்றம், இலேசான மறதி போன்ற ஐயத்துக்குரிய குறிகள் சேர்ந்திருந்தால் அது ‘கூடுதல்’ என்ற அடைமொழியோடு தனி வகையாக எண்ணப்படும். இந்த வரையறையில் மூளைப் படம் எதுவும் இடம்பெறவில்லை. நோயைப் பெயரிடக் கண்ணும் காதும் ஒரு தாளும் பேனாவும் போதும் என்றிருக்க, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் இந்நோயாளிகளை ஸ்கேன் கருவிக்குள் அனுப்பி எதைத் தேடினார்கள், எதைக் கண்டார்கள், கடல் கடந்து வரும் ஒரு தீவு நோயாளிக்கு அந்தத் தேடல் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை, ஸ்கேன் அறையில் நெடுநாள் நின்றவரின் பார்வையில் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவிலிருந்து வரும் கை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் சுமார் 3.8 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேரின் கடைத்தெருக்களில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களும், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோரின் வழிவந்தவர்களும் இதில் அடங்குவர். பல நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வுகள், முதன்மை நடுக்கம் மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாகவும், 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கும் இருப்பதாகக் காட்டுகின்றன. அதே விகிதம் தீவுகளுக்கும் பொருந்துமானால் அங்கே இந்நோயுடையோர் மூவாயிரத்தைத் தாண்டுவர். அவர்களில் மிகப் பலர் ‘வயசானா கை உதறத்தான் செய்யும்’ என்று இருந்துவிடுவார்கள். வங்கியில் கையெழுத்து ஒத்துவராமல் பென்ஷன் பணம் நின்றுபோகும்போதோ, விருந்தில் பாயசக் கிண்ணத்தை வாங்க வெட்கப்படும்போதோதான் சிலர் மருத்துவரிடம் வருவார்கள்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையே தீவுகளின் முதன்மை அரசு மருத்துவமனை. அதனோடு இணைந்து 2015-இல் ஒரு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஆயினும் நரம்பியலில் சிறப்புப் பரிசோதனை தேவைப்படுவோர் சென்னை, வேலூர், கொல்கத்தா என்று பெருநிலத்துக்கு அனுப்பப்படுவது நெடுநாள் வழக்கம்; தீவுவாசிகள் அதை ‘ரெஃபர்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தெற்குக் கோடியில் கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவர் போர்ட் பிளேருக்கே முதலில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்தாக வேண்டும். இவ்வளவு தூரம் வந்து எடுக்கும் படத்தில் நோயின் காரணம் வெள்ளையும் கறுப்புமாகத் தெரிந்துவிடும் என்று நோயாளி எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

கருவி கேட்பது அசைவின்மை

எம்ஆர்ஐ எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம், மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்குள் உடலைக் கிடத்தி, உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் சீண்டி, அவை திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞையிலிருந்து உருவாக்கப்படுவது. 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு. மூளையின் வடிவத்தை ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தில் காட்டும் படத்துக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும்; அந்த நேரம் முழுவதும் தலை அசையக் கூடாது, அசைந்தால் பழைய புகைப்படத்தில் ஓடிய குழந்தையைப் போல உருவம் இரட்டையாகத் தோன்றும்.

தலை நடுங்குகிறவரிடம் தலையை அசைக்காதீர்கள் என்று சொல்லித் தொடங்க வேண்டிய வேலை இது. ஆனால் இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர் அஞ்சுவது போல அது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. முதன்மை நடுக்கத்தில் தலை ஆடுவது, கழுத்துத் தசைகள் தலையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் இருக்கும்போதுதான். நோயாளி மல்லாந்து படுத்து, தலையைத் திண்டின் மேல் முழுதாகச் சாய்த்ததும் அந்த ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கழுத்துத் தசைகளின் முறுக்கத்தால் வரும் டிஸ்டோனியா வகை நடுக்கம் படுத்தாலும் தொடரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மேசையில் நோயாளி படுக்கும் அந்த ஒரு நிமிடத்தை உற்றுப் பார்ப்பதே ஒரு பரிசோதனைக்குச் சமம். அதன் பின் காதுகளுக்கு அடைப்பான், ஹெட் காயில் என்று அழைக்கப்படும் கூண்டுக்குள் தலையின் இருபுறமும் ஃபோம் துண்டுகள், முழங்காலுக்குக் கீழே திண்டு, முழங்கைகளுக்கு அடியில் மடித்த போர்வை, அவசரமானால் அழுத்தக் கையில் ஒரு ரப்பர் பந்து என்று ஒவ்வொன்றாக வைக்கப்படும். கைகள் வயிற்றின் மேல் ஓய்கின்றன, நடுக்கம் அடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில்தான் இந்நோயைப் படமெடுப்பதன் மையச் சிக்கல் இருக்கிறது. கருவி அசைவின்மையைக் கேட்கிறது. அசைவின்மையோ நோய் உறங்கும் நிலை. உறங்கும் நோயைப் படமெடுத்தால் மூளையின் வடிவம் மட்டுமே கிடைக்கும். விழித்திருக்கும் நோயைப் படமெடுக்க முயன்றால் அதன் ஆட்டமே படத்தைக் கெடுக்கும். முப்பது ஆண்டு ஆய்வு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடிய முயற்சியாகவே அமைந்தது.

நோயை எழுப்பிப் பார்த்தவர்கள்

முதல் வழியைக் காந்தத்துக்கு வெளியே கதிரியக்கம் காட்டியது. பெட் எனப்படும் முறையில், மிகக் குறுகிய ஆயுளுள்ள கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி, இரத்தம் எங்கே கூடுதலாகப் பாய்கிறது என்று பார்க்கலாம். ஆக்சிஜன்-15 என்ற அத்தகைய பொருளைக் கொண்டு லண்டன் ஆய்வாளர்கள் 1990-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கை, முதன்மை நடுக்கம் உள்ளவர்களின் சிறுமூளை வழக்கத்தை மீறி இயங்குவதைக் காட்டியது. பெருமூளைக்குக் கீழே பிடரியில் அமைந்த சிறுமூளை, அசைவுகளை அளவோடும் நேரத்தோடும் நடக்கச் செய்யும் உறுப்பு. நோய்க்கு இருப்பிடமே தெரியாதிருந்த காலத்தில் அந்தச் சில படங்கள் ஆய்வின் திசையை மாற்றின. பிறகு வந்த பெட் ஆய்வுகள் மதுவின் விளைவையும் பார்த்தன. சிறிதளவு மது இந்நடுக்கத்தைச் சில மணி நேரம் தணிக்கும் என்பதை நோயாளிகள் மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர், அந்நேரத்தில் சிறுமூளையின் இரத்த ஓட்டம் குறைவதைப் படம் உறுதிசெய்தது. மதுவைப் பற்றிக் கேட்கும்போது நோயாளி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது ஸ்கேன் கூடங்களில் அடிக்கடி காணும் காட்சி. ஆகவே அந்தக் கேள்வியை உடன் வந்தவர் வெளியே சென்ற பின் கேட்பது நல்லது. நெடுநாள் குடி சிறுமூளையைத் தானே சுருக்கும் என்பதால், அந்தப் பதில் தெரியாமல் ஒருவரது படத்தை ஆய்வில் சேர்ப்பது பிழைக்கு வழி.

இரண்டாவது வழி, எம்ஆர்ஐ கருவியிலேயே மூளையின் செயலைப் பார்ப்பது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் அளவைப் பொறுத்துக் காந்தச் சமிக்ஞை மாறுகிறது என்பதை ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா 1990-இல் விளக்கிய பின், செயல் எம்ஆர்ஐ என்ற முறை பிறந்தது. இதில் இரண்டு நொடிக்கொரு முறை மூளை முழுவதும் படமெடுக்கப்படுகிறது. நோயாளி 30 நொடி கையை நீட்டி நடுங்கவிடுவார், 30 நொடி கையைக் கிடத்துவார், மறுபடி நீட்டுவார். விரலில் ஒட்டிய, இரும்பு கலவாத சிறு உணரி நடுக்கத்தின் வேகத்தைப் பதிவுசெய்யும். ஒப்பீட்டுக்காக வரும் நலமுடையோரைக் கையை வேண்டுமென்றே நடுக்கச் சொல்வார்கள். ஆட்டம் என்ற செயலுக்கு உரிய மூளை இயக்கத்தையும் நோய்க்கு உரியதையும் பிரிக்க அதுவே வழி. 1997-இல் வெளிவந்த இத்தகைய ஆய்வு, நோயாளிகளிடம் சிறுமூளையின் இரு பக்கமும் இயங்குவதையும், நடுக்கத்தை நடித்துக் காட்டியவர்களிடம் அவ்வாறு காணப்படாததையும் காட்டி, பெட் முறை சொன்னதை உறுதிப்படுத்தியது.

கேட்க எளிதாக இருந்தாலும், நீட்டிய கையின் ஆட்டம் தோள் வழியாகத் தலைக்கு ஏறும். செயல் எம்ஆர்ஐ தேடும் மாற்றமே ஓரிரு விழுக்காடு. தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் பதிவாகிவிடும். இக்கட்டுரையாளர் பணிக்கு வந்த தொடக்கத்தில், மூளையின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒளிர்ந்த ஒரு வரைபடத்தைப் புதிய கண்டுபிடிப்பாக எண்ணி மூத்த கதிரியக்கவியலரிடம் எடுத்துச் சென்றதுண்டு. அவர் படத்தை இரண்டு நொடி பார்த்துவிட்டு, மூளை எந்த நோயிலும் வளையல் வடிவில் வேலை செய்வதில்லை என்று மட்டும் சொன்னார். மூளைக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் இடையிலான எல்லை அசைந்ததன் தடம் அது. அரை நாள் உழைப்பும் ஒரு நோயாளியின் பொறுமையும் வீணாயின. முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை வைக்கும் வழக்கம் அந்த நாளிலிருந்துதான் இக்கட்டுரையாளரிடம் ஒட்டிக்கொண்டது.

சராசரியில் தெரிவது

மூன்றாவது வழி, நோயை எழுப்பாமல், அது நெடுங்காலத்தில் மூளையின் அமைப்பில் விட்டுச்சென்ற தடத்தைத் தேடுவது. மூளைப் படம் வாக்ஸல் எனப்படும் சிறு கனசதுரங்களால் ஆனது; கட்டடத்துக்குச் செங்கல் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவர் மூளையையும் கணினியில் ஒரு பொது வார்ப்புக்குள் பொருத்தி, நோயாளிகள் குழுவிலும் நலமுடையோர் குழுவிலும் அதே இடத்துச் செங்கல்லில் சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்பணுக்களின் உடல்கள் நிறைந்த பகுதி, எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடுவது ஒரு முறை. நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் வெண்பொருளில் நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் தடையின்றி நகர்கின்றன என்று அளந்து, இழைகள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பதைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகக் கணிப்பது இன்னொரு முறை.

இந்தியாவில் இவ்விரு முறைகளையும் முதன்மை நடுக்கத்தில் விரிவாகக் கையாண்ட இடம் பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிலையமான நிம்ஹான்ஸ். நரம்பியல் பேராசிரியர் பிரமோத் குமார் பால் தலைமையிலான குழுவும் அங்குள்ள கதிரியக்கவியலர்களும் சேர்ந்து, 3 டெஸ்லா கருவியில் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகள் குழுவில் பெருமூளையிலும் சிறுமூளையிலும் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் வெண்பொருள் இழைகளைப் பற்றிய ஆய்வும் வந்தது. 2014-இல், பெருமூளைப் புறணியின் கன அளவு குறைவுக்கும் நினைவு, கவனம் முதலிய அறிதிறன் குறைவுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் ஆராய்ந்தனர். கையோடு முடியும் நோய் என்று கருதப்பட்ட ஒன்று கையோடு முடியவில்லை என்பதே இவ்வாய்வுகளின் சாரம். இத்தாலியக் குழு ஒன்று 2008-இல், தலைநடுக்கமும் சேர்ந்த நோயாளிகளிடம் சிறுமூளையின் நடுப்பகுதியான வெர்மிஸ் சுருங்கியிருப்பதைக் காட்டியது. இறந்தோரின் மூளையை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியலர் எலன் லூயிஸின் குழு, சிறுமூளையின் பர்கிஞ்சி அணுக்களின் இழைகளில் வீக்கங்களைக் கண்டது. படமும் நுண்ணோக்கியும் ஒரே திசையைச் சுட்டின.

ஆயினும் எல்லா ஆய்வும் ஒரே சுருதியில் பாடவில்லை. சிறுமூளையில் எந்தச் சுருக்கமும் காணாத ஆய்வுகளும் உண்டு. காரணங்கள் இத்தொழிலில் இருப்போருக்குத் தெரிந்தவையே. குழுக்கள் சிறியவை, பெரும்பாலும் இருபது முப்பது பேர். வயது, மது, மருந்து ஆகியவை கலந்துவிடும். நடுக்கத்தைத் தணிக்கும் பிராப்ரனலால் போன்ற மாத்திரையைப் படத்துக்காக நிறுத்தச் சொல்லலாமென்றால், இதய நோயாளிக்கு அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஒரு லட்சம் செங்கற்களை நூற்றுக்கு ஐந்து பிழை என்ற அளவில் சோதித்தால் தற்செயலாகவே ஐயாயிரம் செங்கற்கள் வேறுபட்டதாகத் தோன்றும். இதற்கான திருத்தத்தை எவ்வளவு கண்டிப்பாகச் செய்வது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். பொது வார்ப்பும் ஒரு கேள்விதான்: உலகெங்கும் பயன்படுவது கனடாவின் மான்ட்ரியாலில் உருவான வார்ப்பு. ஹைதராபாதின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2019-இல் 100 இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு மூளை வரைபடத்தை உருவாக்கியது. ஆனால் அவர்கள் இளவயதினர், நடுக்க நோயாளிகளில் பெரும்பாலோரோ முதியவர்கள். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைத் தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்து, தோள் தளர்ந்திருக்கிறது என்று முடிவு சொல்வதைப் போன்றது, வார்ப்பைக் கவனிக்காமல் சுருக்கத்தை அளப்பது.

இவை அனைத்தையும் கடந்து நிற்கும் உண்மை ஒன்று: மேற்சொன்ன மாற்றங்கள் எல்லாம் குழுவின் சராசரியில் தெரிபவை. தனியொரு நோயாளியின் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினால், தேர்ந்த கதிரியக்கவியலருக்கும் அது அதே வயதுள்ள நலமுடையவரின் படத்தைப் போலவே இருக்கும்.

‘நார்மல்’ என்ற சொல்

அப்படியானால் கடல் கடந்து வந்தவருக்குப் படம் எதற்கு? பெரும்பாலும், வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்வதற்கு. ஒரு பக்கம் மட்டும் நடுங்குவது, திடீரென்று தொடங்குவது, நடை தடுமாறுவது, இளவயதில் கல்லீரல் கோளாறோடு வருவது போன்ற நிலைகளில் பக்கவாதம், கட்டி, மூளையில் தாமிரம் படியும் வில்சன் நோய் முதலியவற்றை எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். தைராய்டு மிகுதி, ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவற்றால் வரும் நடுக்கத்துக்கு இரத்தப் பரிசோதனையும் மாத்திரைச் சீட்டுமே போதும்; அதற்குச் சென்னை வரை வரத் தேவையே இல்லை.

பார்க்கின்சனா முதன்மை நடுக்கமா என்ற ஐயம் தீராதபோது மட்டும் அணுக்கரு மருத்துவம் உதவிக்கு வருகிறது. மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளை மீட்டெடுக்கும் வாயில்களில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தினால், முதன்மை நடுக்கத்தில் இருபுறமும் காற்புள்ளி போன்ற வடிவம் ஒளிரும். பார்க்கின்சனில் வால் தேய்ந்து அது முற்றுப்புள்ளி போல் குறுகும். இங்கே தனியொருவரின் படமே பேசுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரோடாட் என்ற மருந்து இந்தியாவில் இதற்குப் பயன்படுகிறது. அதில் கலக்கும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இதே கேள்விக்கு விடை தரும் பெட் மருந்துகளில் உள்ள ஃபுளூரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் செய்த அம்மருந்தைச் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு அனுப்பினால், ஆகாயத்திலேயே பாதிக்கு மேல் கரையும். விமான நிலையக் காத்திருப்பையும் சேர்த்து நான்கு மணி நேரமானால் கால் பங்குகூட மிஞ்சாது. 1990-இல் லண்டனில் பயன்பட்ட ஆக்சிஜன்-15-க்கோ இரண்டு நிமிடமே அரை ஆயுள். அது அடுத்த தெருவுக்குக்கூடப் போகாது. டெக்னீசியத்தை ஈனும் மாலிப்டினம்-99-இன் அரை ஆயுள் மட்டும் 66 மணி நேரம். சென்னையில் கப்பலேறினாலும் ஏறத்தாழப் பாதி வலிமையோடு தீவில் கரையிறங்கும். அது அடைக்கப்பட்ட ஈயக் குடுவையைத் தொழில்நுட்பர்கள் ‘பசு’ என்றும், அதிலிருந்து டெக்னீசியம் எடுப்பதைப் ‘பால் கறப்பது’ என்றும் சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. மருந்து தீவுக்குப் போவதா நோயாளி கரைக்கு வருவதா என்பதை நிர்வாகம் தீர்மானிப்பதற்கு முன்பே இந்த அரை ஆயுள்கள் தீர்மானித்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் அறிந்த மருத்துவர், அறிக்கையின் கடைசி வரியில் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்புகிறார். அந்தச் சொல் நோயாளியின் காதில் எப்படி விழுகிறது என்பதை ஸ்கேன் கூடத்தின் வாசலில் நிற்பவரே பார்க்கிறார். மூன்று நாள் கப்பலில் வந்து, லாட்ஜில் தங்கி, மகனின் லீவையும் செலவழித்தவருக்கு அது ஆறுதலாக ஒலிப்பதில்லை. ‘ஒன்றுமில்லை என்றால் கை ஏன் ஆடுகிறது’ என்று ஒருவர் கேட்பார், வேறொருவர் தன்னை நடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்களோ என்று வாய்திறவாமல் தலைகுனிந்து போவார். ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லாமல், ‘இந்த நோயில் படம் இப்படித்தான் இருக்கும், இப்படி இருப்பதே நல்ல செய்தி’ என்று சொல்லக் கூடுதலாக ஆவது அரை நிமிடம். அந்த அரை நிமிடம் இத்தொழிலில் பாடமாகச் சொல்லித்தரப்படுவதில்லை. பல முகங்களைப் பார்த்த பின் தானாக வந்து சேர்கிறது.

தாளில் ஒரு சுருள்

மாத்திரைக்குக் கட்டுப்படாத நடுக்கத்துக்குப் படம் வழிகாட்டியாகவே மாறியது அண்மைக்கால வளர்ச்சி. சிறுமூளையிலிருந்து கிளம்பும் தாளம் பெருமூளைக்கு ஏறும் வழியில் தலாமஸ் என்ற சந்திப்பில் ஒரு சிறு கருவைக் கடக்கிறது. அங்கே மின்முனை பதித்து நடுக்கத்தை அடக்கும் முறையை பிரான்ஸின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் 1987-இல் காட்டினார். மண்டையைத் திறக்காமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களிலிருந்து வரும் மீயொலியை அந்த ஒரு புள்ளியில் குவித்துச் சுடும் முறைக்கு 2016-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான, 76 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், மூன்று மாத முடிவில் கைநடுக்க மதிப்பெண் 47 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில், கோயம்புத்தூர் உட்பட, இச்சிகிச்சை இப்போது கிடைக்கிறது.

இச்சிகிச்சை முழுவதும் எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே நடக்கிறது. திசுவின் வெப்பம் ஏறுவதைப் படமே நொடிக்கு நொடி சொல்கிறது. ஆனால் குறிவைக்கும் கருவின் எல்லை வழக்கமான எம்ஆர்ஐ படத்தில் தெரிவதில்லை. மூளைக்குள் நிலையான இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்தும், இழைகளின் பாதையைக் கணித்துமே அந்த இடம் ஊகிக்கப்படுகிறது. ஊகம் சரியா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறை மீயொலி செலுத்திய பின்னும் விழித்திருக்கும் நோயாளியின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, நத்தைக் கூட்டைப் போல உள்ளிருந்து வெளியே விரியும் சுருளை வரையச் சொல்கிறார்கள். பல கோடி ரூபாய்க் கருவியின் நடுவே, இறுதித் தீர்ப்பைச் சொல்வது ஒரு தாள்.

அந்தத் தாளுக்குச் சென்னையோ கோயம்புத்தூரோ தேவையில்லை. மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் சுருள் வரையச் சொன்னால், முதன்மை நடுக்கத்தில் கோடு ஒரே அச்சில் சீராக அலைவதைக் காணலாம். வலக்கையில் அந்த அச்சு பெரும்பாலும் கடிகாரத்தின் எட்டு மணியிலிருந்து இரண்டு மணி நோக்கிச் சாய்ந்திருக்கும். பார்க்கின்சனில் சுருள் சிறுத்து, நெருங்கி, மெதுவாக நகரும். சுருள் வரைந்த தாளும், மடியில் கை கிடப்பதையும் டம்ளரைத் தூக்குவதையும் காட்டும் இரண்டு நிமிட அலைபேசிக் காணொளியும், மாத்திரைச் சீட்டும் சேர்ந்தால், படம் தேவையா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்கு முன்பே போர்ட் பிளேர் மருத்துவமனை செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்களோடு இணைக்கப்பட்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இழைவடம் சென்னையை போர்ட் பிளேரோடு மட்டுமன்றி கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை இணைக்கிறது. பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் அந்த வடத்தில் செல்ல வேண்டியவை சுருள் தாளும் காணொளியும் மாத்திரைச் சீட்டுமே. ஃபுளூரின்-18-ஐப் போல இவற்றுக்கு அரை ஆயுள் கிடையாது.

அதன் பிறகும் வந்துதான் ஆக வேண்டியவர்கள் வருவார்கள். படம் முடிந்து மேசை வெளியே நகரும்போது, நோயாளியைக் கைகொடுத்து உட்கார வைத்து, காதடைப்பானை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது எல்லாக் கூடங்களிலும் உள்ள வழக்கம். அதுவரை திண்டில் அசையாதிருந்த தலை நிமிர்ந்ததும் மெல்ல இடவலமாக ஆடத் தொடங்கும். டம்ளரை நோக்கி நீளும் கையோடு நடுக்கமும் விழித்துக்கொள்ளும். கணினித் திரை அதற்குள் அடுத்த பெயருக்கு மாறியிருக்கும். டம்ளரை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் கொடுத்து, அது உதட்டைச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருப்பவரே அந்த நோயாளியின் நோயை அன்று நேரில் கண்டவர்.